உளுத்த பலகையும் உங்கள் தம்பியும்

அண்ணி,

இன்று காலை வீட்டின் முன்பக்கப் பலகைச் சுவரைக் கழுவினேன். வாளியில் சோப்புத் தண்ணீரும் கொஞ்சம் பிளீச்சும் கலந்து, நீளக் கைப்பிடி வைத்த பிரஷால் கீழிருந்து மேலாகத் தேய்த்து, பிறகு குழாயைப் பிடித்து மேலிருந்து கீழாக அலசினேன். பாசி கரைந்து பச்சைத் தண்ணீராக ஓடி முடிந்ததும் பலகையிலிருந்து ஒரு மணம் எழுந்தது. நனைந்த பழைய மரமும் பிளீச்சும் கலந்த மணம். கையில் குழாயோடு அப்படியே நின்றுவிட்டேன். நீங்கள் பக்கத்தில் நிற்பது போல இருந்தது என்று எழுதினால் சிரிப்பீர்கள். உண்மையில், நீங்கள் இல்லை என்பதுதான் அந்த மணத்தோடு சேர்ந்து மூக்கில் ஏறியது. பிறகு கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்குக் கை வேகமாக ஓடும்; உங்களுக்குத் தெரியாததா? மதியத்துக்குள் வாசல் பக்கம் முழுவதையும் கழுவி முடித்துவிட்டேன்.

இந்த வேலையை இப்போது எடுத்ததற்குக் காரணம் உண்டு. உங்கள் தம்பி வந்திருந்தார். உங்கள் தம்பி என்றுதான் எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் என்று அவரைச் சொல்லி வெகுகாலம் ஆகிறது. அவர் வந்து என்ன கேட்டார் என்பதைச் சொல்வதற்கு முன்னால், எனக்கு நம் பழைய கதை முழுவதையும் ஒருமுறை சொல்லிப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆனால் இந்த வீட்டில் அதைச் சேர்ந்து நினைக்க இப்போது ஆள் இல்லை.

அவர் அப்போது கண்டெய்னர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். பட்டர்வொர்த்திலிருந்து ஜொகூர் வரை போவார், வருவார். ஒருமுறை போனவர் வரவில்லை. அங்கே ஒரு பெண்ணோடு இருப்பதாகவும், இனி வரப்போவதில்லை என்றும் தொலைபேசியில் சொன்னார். செய்தி கேட்டு என் அப்பா சுங்கை பட்டாணியிலிருந்து வந்தார், என்னையும் மகள் ரூபிணியையும் கூட்டிப்போக. ரூபிணி அப்போது ஆரம்பப்பள்ளியில் இருந்தாள். அவளுடைய புத்தகப்பையைக்கூட வாசலில் வைத்தாகிவிட்டது. அந்த நேரத்தில்தான் நீங்கள் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை பஸ்ஸிலிருந்து இறங்கி, சீருடையோடு சந்துக்குள் நடந்து வந்தீர்கள். பெட்டிகளைப் பார்த்தீர்கள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"போறவன் போயிட்டான். இருக்கிறவ ஏன் பெட்டி கட்டுற?" என்று கேட்டீர்கள்.

அப்பாவுக்குச் சங்கடம். புருஷன் இல்லாத வீட்டில் என் மகள் எந்த உரிமையோடு இருப்பாள் என்று மெதுவாகத்தான் கேட்டார். நீங்களும் மெதுவாகத்தான் பதில் சொன்னீர்கள். இந்த வீடு உங்கள் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கி வாங்கியது, உங்கள் பெயரிலும் தம்பி பெயரிலும் பாதிப் பாதியாக எழுதி வைத்தது, உங்கள் பாதியில் நான் இருப்பேன் என்றீர்கள். அப்பா தேத்தண்ணி குடித்துவிட்டுத் தனியாகத் திரும்பிப் போனார். பிறகு உங்கள் தொழிற்சாலையிலேயே என்னையும் சேர்த்துவிட்டீர்கள். ஒரே பஸ்ஸில் போனோம், ஒரே பஸ்ஸில் வந்தோம். கல்யாணமே வேண்டாம் என்று இருந்த நாத்தனாரும், புருஷன் விட்டுப்போன தம்பி பெண்டாட்டியும் ஒரே வீட்டில் என்று சந்தில் பேசிச் சிரித்தார்கள். பேசினவர்களுக்குத் தீபாவளிக்கு முறுக்குக் கொடுத்தனுப்பினீர்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. இப்போதும் பிடிக்கவில்லை.

சில வருஷம் கழித்து உங்கள் தம்பி வந்தார். தனியாக இல்லை, உங்கள் பெரியப்பாவும் ஒரு வீட்டுத் தரகரும் கூட வந்தார்கள். தைப்பூசத்துக்குச் சில வாரங்கள் இருந்தன. அந்தத் தரகர் வீட்டுக்குள் வரவேயில்லை. வெளிச்சுவரைச் சுற்றி நடந்தார். நம் வீட்டுப் பலகைகள் ஒன்றின் விளிம்பில் ஒன்று ஏறி நிற்பவை, மழை வழிந்தோட வசதியாக. அடிவரிசையில் மண்ணோடு ஒட்டிய பலகையில் அவர் கார்ச் சாவியை வைத்து அழுத்தினார். சாவி பாதி உள்ளே போய்விட்டது. அந்தச் சத்தமில்லாத சம்பவத்தை நான் மறக்கவே இல்லை. அடை மாவில் விரல் வைத்த மாதிரி இருந்தது.

"பாத்தீங்களா பெரியப்பா?" என்றார் உங்கள் தம்பி. "வீடே உளுத்துப் போச்சு. ரெண்டு பொம்பளைங்க இத வச்சிக்கிட்டு என்னா செய்யப் போறாங்க?"

பெரியப்பாவும் தலையாட்டினார். சாயம் உரிந்து சொறி பிடித்த மாதிரி நிற்கும் சுவரையும், பாசி ஏறிய மூலையையும் காட்டி, விற்றுவிட்டு அக்காவும் தம்பியும் பிரித்துக்கொள்வதுதான் புத்தி என்றார். என்னைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். தைப்பூச சமயத்தில், வீட்டை வாங்குகிறவரை நேராகவே கூட்டி வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அவர்கள் போனதும் நீங்கள் ஒரு ஸ்க்ரூடிரைவரையும் ரூபிணியின் சுண்ணக்கட்டியையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தீர்கள். வரிசை வரிசையாகக் குத்திப் பார்த்தீர்கள். உள்ளே இறங்கிய இடத்தில் கோடு போட்டீர்கள். பொழுது சாய்வதற்குள் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டீர்கள். கோடு விழுந்ததெல்லாம் அடிவரிசையிலும், தகரக் கூரை ஒழுகும் பின்மூலையிலும் மட்டும்தான்.

"மத்ததெல்லாம் நல்ல மரம்லா," என்றீர்கள். "உளுத்ததத்தான் மாத்தணும். வீட்ட இல்ல."

தைப்பூசத்துக்குள் வீட்டுக்குச் சாயம் அடிப்பது என்று முடிவானது. தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் கூட்டம் முழுவதும் நம் சந்து முனையைக் கடந்துதான் போகும். ஊரே பார்க்கட்டும் என்றீர்கள். இருவருக்கும் சாயம் அடிக்கத் தெரியாது. ஒரு டின் சாயமும் இரண்டு பிரஷும் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை காலையில் கிழக்குச் சுவரைக் கழுவி, மதியமே சாயத்தை அடித்துவிட்டோம். அடுத்த வாரம் அந்தச் சுவர் முழுவதும் அம்மை போட்ட மாதிரிக் கொப்புளம். நகத்தால் கீறினால் தோலாக உரிந்து வந்தது. சாமான் கடைத் தவுக்கேயிடம், அந்தச் சீன முதலாளியிடம், போய் அந்தத் தோலைக் காட்டினீர்கள். ஈரப் பலகையில் அடித்தால் இப்படித்தான் ஆகும் என்று அவர் மலாயில் விளக்கினார். பழைய சாயத்தில் ஈயம் இருக்கும், வாயையும் மூக்கையும் மூடாமல் சுரண்டாதே, உலர்ந்தபடியே சுரண்டித் தூசியைக் கிளப்பாதே, கொஞ்சம் நனைத்துச் சுரண்டு, விழுகிற செதிலைப் பிளாஸ்டிக் விரித்து அள்ளிப் போடு என்றும் சொன்னார். ரூபிணியைப் பள்ளி முடிந்ததும் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவைத்தது அதனால்தான்.

அன்று நான் உட்கார்ந்துவிட்டேன். ஒரு சுவர் வேலை முழுக்க வீண். ஷிப்ட் முடிந்து வந்த கால் வலி வேறு. விட்டுவிடலாம் அண்ணி, அவர் சொன்னதுதான் நிஜம், நம்மால் முடியாது என்றேன். நீங்கள் சுரண்டியை எடுத்துக் கொப்புளம் போட்ட சுவரின் ஒரு முனையில் ஆரம்பித்தீர்கள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுமுனையில் போய் நானும் ஆரம்பித்தேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் என் வாழ்க்கையில் நான் மிகவும் களைத்திருந்த நாட்கள். மிகவும் திடமாக இருந்ததும் அப்போதுதான். வேலை முடிந்து வந்து, வெளிச்சம் இருக்கும்வரை சுரண்டுவோம். ஒட்டிக்கொண்டிருக்கும் சாயத்தை விட்டுவிட்டு, தளர்ந்ததை மட்டும் எடுப்போம். விளிம்பு கையில் தட்டாமல் போகும்வரை ஈர உப்புத்தாள் வைத்துத் தேய்ப்போம். துருப்பிடித்து வெளியே தலைநீட்டும் ஆணிகளை உள்ளே அடித்து இறக்கி மேலே மக்கு பூசி ஓட்டையை அடைப்போம். உளுத்த பலகைகளைக் கழற்றிவிட்டு புதிதாக மெராந்தி மரப் பலகை வைத்தோம். அந்தப் புதுப் பலகையின் முதுகிலும் அறுத்த முனைகளிலும்கூட அண்டர்கோட் என்ற அடிச்சாயம் பூசிய பிறகுதான் ஆணி அடிக்க விட்டீர்கள். யார் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்டேன். தண்ணி பார்க்கும் என்றீர்கள். உள்ளங்கையால் சுவரைத் துடைத்துப் பார்ப்போம். கையில் வெள்ளைப் பொடி ஒட்டினால் மறுபடி கழுவல். எதிர்வீட்டு அண்ணன் ஒருநாள் நின்று பார்த்துவிட்டு, ஆம்பள வேலையை ஏன் நீங்கள் செய்கிறீர்கள் என்று கேட்டார். இந்த வீட்டு ஆம்பளைதான் வீட்டை விற்கப் பார்க்கிறான் என்று நீங்கள் சொன்னதும் அவர் அப்புறம் அந்தப் பக்கம் வரவில்லை. அவருடைய மனைவி மட்டும் ஒரு சாயங்காலம் தட்டு நிறையப் பிசாங் கோரெங், சுடச்சுடப் பொரித்த வாழைப்பழம், கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

தைப்பூசத்துக்கு முதல் நாள் உங்கள் தம்பி வந்தார். மூன்று பக்கம் முடிந்திருந்தது. முன்பக்கம் மட்டும் அண்டர்கோட்டில் வெள்ளையாக நின்றது. நான் ஏணியில் நின்று கூரையோரப் பலகைக்கு மஞ்சள் சாயம் அடித்துக்கொண்டிருந்தேன். வாங்க வந்த மனிதர் சந்து முனையில் காரிலேயே உட்கார்ந்திருந்தார். உங்கள் தம்பி நேராக ஏணிக்கு வந்து அதன் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டார்.

"எறங்கு," என்றார். "சாயம் அடிச்சா வீடு உன்னுதாயிடுமா?"

நான் இறங்கவில்லை. தைரியத்தினால் என்று நினைக்காதீர்கள். கால் நகரவில்லை. அவர் ஏணியைச் சற்று அசைத்தார். டின் சாய்ந்து மஞ்சள் என் காலில் வழிந்தது. நீங்கள் பக்கச் சுவரிலிருந்து வந்தீர்கள். ஓடி வரவில்லை, நடந்து வந்தீர்கள். ஏணியைப் பிடித்திருந்த அவர் கைமேல் உங்கள் கையை வைத்தீர்கள்.

"கையை எடு தம்பி."

அவர் எடுக்கவில்லை. நீங்களும் எடுக்கவில்லை.

"என் பாதிய நான் விக்க மாட்டேன்," என்றீர்கள். "உன் பாதியில உன் பொண்டாட்டியும் பொண்ணும் இருக்காங்க. எத விக்கப் போறே நீ? உன்ன நான்தான் தூக்கி வளத்தேன். அடிச்சதில்ல. இன்னிக்கி அடிக்க வச்சிடாத."

அப்போதுதான் எனக்கு வாய் திறந்தது. மேலே நின்றுகொண்டே, நான் இறங்க மாட்டேன் என்றேன். ஒருமுறைதான் சொன்னேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. பிறகு கையை எடுத்துக்கொண்டு போனார். கார் பின்னோக்கிச் சந்தை விட்டு வெளியேறியது.

மிச்சம் இருந்த சுவரை நான் அடித்து முடித்தேன். உங்களைத் தேடிக்கொண்டு பின்பக்கம் வந்தபோது, நீங்கள் ஒரு பலகையை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தீர்கள். பின்கதவுக்கு அடிக்க மிச்சம் வைத்திருந்த பலகை. அது வழுவழுப்பாகி வெகுநேரம் ஆகியிருக்க வேண்டும். நீங்கள் நிறுத்தவில்லை. முகமூடிக்கு மேலே கண்கள் வழிந்துகொண்டிருந்தன. உங்கள் அம்மா செத்த பிறகு நீங்கள் இடுப்பில் வைத்து வளர்த்த பிள்ளை, உங்கள் தம்பி. நான் வந்த சுவடு தெரியாமல் திரும்பிவிட்டேன். இத்தனை வருஷத்தில் இதை உங்களிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தூசி என்றிருப்பீர்கள்.

மறுநாள் காவடிகள் போயின. மோர் பந்தல் போட்டோம். மஞ்சள் வீடு யாருடையது என்று கூட்டத்தில் கேட்டுக்கொண்டே போனார்கள். உங்கள் பெரியப்பா மோர் வாங்கிக் குடித்தார். சுவரைத் தடவிப் பார்த்தார். நல்லாத்தான் இருக்கு என்று மட்டும் சொன்னார்.

ஒரு விஷயத்தில் மட்டும் உங்களோடு நான் ஒத்துப்போனதே இல்லை. ஒவ்வொரு வருஷமும் உங்கள் தம்பியின் பிறந்த நட்சத்திரத்தில் தண்ணீர்மலைக்கு ஏறிப் போய் அவர் பெயருக்கு அர்ச்சனை செய்வீர்கள். ஏணியை அசைத்த கைக்கு அர்ச்சனையா என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். நீங்கள் சொன்ன பதில் இது: "கையெழுத்தும் போட மாட்டேன், அர்ச்சனையும் நிறுத்த மாட்டேன். ரெண்டும் என் இஷ்டம்." அதற்கு மேல் நான் கேட்கவில்லை. ஆனால் உங்களோடு அந்தப் படி ஏறவும் இல்லை.

சிறுநீரகம் கெட்டு, டயாலிசிஸுக்குப் போக ஆரம்பித்த பிறகு உங்கள் பாதியை என் பெயருக்கு மாற்றிக் கொடுத்தீர்கள். சக்கர நாற்காலியில் நில அலுவலகத்துக்குப் போய்த் திரும்பிய அன்றே உங்கள் தம்பிக்கு நீங்களே போன் போட்டுச் சொன்னீர்கள். அவர் கத்தியது எனக்குச் சமையலறை வரை கேட்டது. எதற்கு இப்போதே சொல்ல வேண்டும் என்றேன். உயிரோடு இருக்கும்போதே தெரியட்டும், செத்த பிறகு தெரிந்தால் அது திருட்டுத்தனம் என்றீர்கள்.

நீங்கள் போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. அவர் காரியத்துக்கு வந்தார், போனார். போன வாரம்தான் மறுபடி வந்தார். தரகர் இல்லை, பெரியப்பா இல்லை. பெரியப்பா உங்களுக்கு முன்னாலேயே போய்விட்டாரே. முடியெல்லாம் நரைத்து, நாற்காலியில் உட்கார இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டார். வீட்டை விற்றுவிடலாம், உனக்கும் ஒரு நல்ல அடுக்குமாடி வீடு கிடைக்கும் என்று இதமாகச் சொன்னார். அந்த இதம்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அண்ணி போடாத கையெழுத்தை நானும் போட மாட்டேன் என்றேன்.

திரும்பிப் பின்பக்க அறையை ஒருமுறை பார்த்தார். பிறகு, ஜொகூரில் இப்போது தனக்கு யாரும் இல்லை என்றார்.

"பின்பக்க ரூம்ல நான் இருந்துக்கவா?" என்று கேட்டார்.

அண்ணி, இந்தக் கேள்விக்கு நான் தயாராக இல்லை. விற்கச் சொல்லி வந்தால் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியும். இதற்குத் தெரியாது. நீங்கள் இருந்திருந்தால் அந்த நிமிஷமே பாயை உதறிப் போட்டிருப்பீர்கள். சோறு வைத்திருப்பீர்கள். கையெழுத்தும் கிடையாது, பட்டினியும் கிடையாது என்றிருப்பீர்கள். நான் நீங்கள் இல்லை.

"பாதி உங்களுது. வரக்கூடாதுன்னு சொல்ல எனக்கு ரைட் இல்ல," என்றேன். "ஆனா நான் சோறு பொங்க மாட்டேன். துணி துவைக்க மாட்டேன். ராத்திரி எங்க போனீங்கன்னு கேக்கவும் மாட்டேன். அக்கா வீட்டுல தம்பியா இருந்துக்கலாம். எனக்கு நீங்க யாரும் இல்ல."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். குனிந்தபடியே, அக்கா கடைசியில் தன்னைப் பற்றி ஏதாவது சொன்னாளா என்று கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை என்றேன், அது உண்மை. ஒவ்வொரு வருஷமும் அவர் பெயருக்கு மலை ஏறியதைச் சொன்னேன், அதுவும் உண்மை. அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. எழுந்து சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார். நான் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று போனார். இன்னும் சொல்லவில்லை. வந்தாலும் வரலாம். வந்தால் நான் சொன்னது சொன்னதுதான்.

ரூபிணிக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. அவளுக்கும் பாயான் லெப்பாஸில்தான் வேலை, இஞ்சினியர். அங்கேயே அடுக்குமாடி வீட்டில் இருக்கிறாள், என்னையும் வரச் சொல்கிறாள். பலகை வீட்டில் தனியாக ஏணி ஏறி விழுந்து தொலைக்கப் போகிறாய் என்கிறாள். நான் சாயம் அடிக்கப் போகிறேன் என்றதும் போனை வைத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை வந்தாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. கையில் நல்ல முகமூடிகள் ஒரு பெட்டி. நான் செய்வது சரி என்று இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் அடிவரிசைப் பலகையெல்லாம் குத்திப் பார்த்துவிட்டுத்தான் போனாள். நாம் மாற்றியவற்றில் ஒன்றுகூட உளுக்கவில்லை அண்ணி. உங்களுக்கு இதைச் சொல்லவே பாதி மடல்.

உங்களிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது எது என்று யோசித்தால் அர்ச்சனை இல்லை, அந்தப் பொறுமை இல்லை, முறுக்கு இல்லை. அவை உங்களோடு போய்விட்டன. வேறொன்று இருக்கிறது. இன்று சாயங்காலம் கடையிலிருந்து அண்டர்கோட் டின்களை ஏற்றிக்கொண்டு ஒரு லாரி வந்தது. ஓட்டி வந்தவர் இளைஞர், புது ஆள். இறங்கி, "துவான் ரூமா அடா?" என்று கேட்டார், வீட்டுக்காரர் இருக்கிறாரா என்று. இந்தக் கேள்வி வந்தால் இத்தனை வருஷமும் நான் உள்ளே திரும்பி உங்களைத்தான் கூப்பிடுவேன். இன்றும் பாதி திரும்பிவிட்டேன்.

அவர் என் தோளுக்கு மேலே எட்டி வீட்டுக்குள் பார்த்தார், யாராவது ஆம்பளை வெளியே வருவார் என்று. அவர் பார்த்து முடிக்கும்வரை நான் வாசலில் அப்படியே நின்றேன்.

"சாயா லா," என்றேன். "நான்தான்."